எதிரி வீட்டுக்குப் பூட்டு



நாட்டின் பாதுகாப்பு என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் படைவீரர்கள், தளபதிகள், பிரதமர்கள். பேரிடர் என்றதும் தீயணைப்பு வீரர்களும் மாவட்ட ஆட்சியரும் வருகிறார்கள். சட்டம் இயற்றுகிறவர் இந்த இரண்டு வரிசையிலும் இல்லை. அவையில் பேசுவார், வாக்களிப்பார், தொகுதிக்குத் திரும்புவார் என்ற அளவோடு அவரை நாம் விட்டுவிடுகிறோம். அந்த எண்ணத்தை மாற்றக்கூடிய ஒரு மனிதரின் வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர் பெயர் சாம் நன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பெர்ரி என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1972-இல் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1997 தொடக்கம் வரை அங்கே இருந்தார். செனட்டின் ஆயுதப் படைகள் குழுவுக்கு 1987 முதல் எட்டு ஆண்டுகள் தலைவர். அவரோடு இணைத்தே சொல்ல வேண்டிய இன்னொருவர் இண்டியானா மாநிலத்தின் ரிச்சர்ட் லூகர். நன் ஜனநாயகக் கட்சிக்காரர். லூகர் குடியரசுக் கட்சிக்காரர். இந்த இருவரும் 1991-இல் கொண்டுவந்த ஒரு சட்டம், அமெரிக்க ராணுவத்துக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து, நாற்பத்தைந்து ஆண்டுகள் எதிரியாக நின்ற நாட்டின் ஆயுதக் கிடங்குகளைக் காவல் செய்யவும், அங்கிருந்த ஆயுதங்களை அழிக்கவும் கொடுத்தது. எதிரி வீட்டுக்கு நம் பணத்தில் பூட்டு வாங்கிக் கொடுப்பதா என்று அன்று பலர் கேட்டார்கள். கொடுத்ததுதான் சரி என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதே இந்த உரை.

1962 அக்டோபரிலிருந்து தொடங்குகிறேன். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து உலகம் போரின் விளிம்பில் நின்ற நாட்கள். நன்னுக்கு அப்போது 24 வயது. சட்டப் படிப்பை முடித்துவிட்டு, பிரதிநிதிகள் சபையின் ஆயுதப் படைகள் குழுவில் இளம் வழக்கறிஞராக வேலை பார்த்தார். அந்தக் குழுவின் தலைவராக இருந்த கார்ல் வின்சன் அவருடைய பாட்டனார் முறை. விமானப்படை ஏற்பாடு செய்த ஒரு பயணத்தில் அந்த நாட்களில் நன் ஜெர்மனியில் ராம்ஸ்டைன் தளத்தில் இருந்தார். ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க விமானப்படையின் தளபதி அவரிடம் ஒன்றைச் சொன்னார்: கட்டளை வந்தால் தம் விமானங்களைக் கிளப்பத் தமக்கு ஒரு நிமிடம்கூட முழுதாக இருக்காது, ஏனென்றால் முதல் அடி விழப்போவது அந்தத் தளத்தின்மேல்தான். மனித இனத்தின் தலைவிதி இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் முடிவாகக் கூடாது என்ற எண்ணம் அன்று தமக்குள் விழுந்ததாக நன் பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது நிகழ்ச்சி 1974-இல். இப்போது அவர் செனட் உறுப்பினர். மேற்கு ஜெர்மனியில் அணு ஆயுதங்கள் வைத்திருந்த ஒரு அமெரிக்கத் தளத்தைப் பார்வையிடுகிறார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தளபதி விளக்குகிறார். விடைபெறும்போது கைகுலுக்கிய ஒரு சார்ஜென்ட், உள்ளங்கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்து அழுத்துகிறார். தனியாக வந்து எங்களைப் பாருங்கள் என்பது அதன் செய்தி. நன் போனார். ஆயுதங்களைக் காக்கும் வீரர்களிடையே குடியும் போதைப் பொருளும் பரவியிருப்பதையும், மனம் சோர்ந்து கிடப்பதையும் அங்கே கேட்டறிந்தார். தலைநகரில் உட்கார்ந்து அறிக்கை படித்திருந்தால் அது தெரிந்திருக்காது. ஒரு சட்டமன்றத்தாருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. ஆயுதம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அது எப்படிக் காக்கப்படுகிறது என்ற கேள்வியை அவர் பிடித்துக்கொண்டார். பின்னர் வந்த எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை. 1980-களில் ஜான் வார்னர் என்ற குடியரசுக் கட்சிச் செனட்டரோடு சேர்ந்து, வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் அணு ஆபத்துக் குறைப்பு மையங்கள் அமையப் பாடுபட்டார். தவறான தகவலால் போர் மூண்டுவிடாமல் இருக்க இரு தலைநகரங்களும் நேரடியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு அது. 1987-இல் இரு நாடுகளும் அதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன.

இனி 1991. ஆகஸ்ட் 19 அன்று சோவியத் ஒன்றியத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. சோவியத் அதிபர் கோர்பச்சேவ் கிரிமியாவில் தம் விடுமுறை மாளிகையில் அடைத்து வைக்கப்பட்டார். அணு ஆயுதங்களை ஏவ உத்தரவிடும் கருவி அடங்கிய பெட்டி அவர் கையை விட்டுப் போனது. மூன்று நாட்களில் முயற்சி தோற்றது. நன் அப்போது புடாபெஸ்டில் ஒரு மாநாட்டில் இருந்தார். ஆந்திரேய் கோகோஷின் என்ற ரஷ்ய அறிஞர், அவருடைய நண்பர், உடனே மாஸ்கோவுக்கு வரச் சொல்லி அழைத்தார். நன் போனார். தெருக்களில் மக்கள் கூட்டம். அவைகளில் ஒன்றியம் உடைவதைப் பற்றிய விவாதம். கோர்பச்சேவைச் சந்தித்தபோது, அந்த மூன்று நாட்களில் அணு ஆயுதங்கள் மீதான கட்டுப்பாடு உங்களிடம் இருந்ததா என்று நேராகவே கேட்டார். நேரான பதில் வரவில்லை. அந்தத் தயக்கமே தமக்குப் பதிலாக அமைந்தது என்பது நன் சொல்லும் கணக்கு.

அன்றைய நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 30,000 அணு ஆயுதங்கள். அவை நாளை நான்கு நாடுகளாகப் பிரியப்போகும் ரஷ்யா, உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் நிலப்பரப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. காவல் நிற்கும் வீரனுக்குச் சம்பளம் வரவில்லை. குண்டு செய்யத் தெரிந்த விஞ்ஞானி வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. இத்தனை ஆண்டுகள் அமெரிக்கா அஞ்சியது சோவியத்தின் பலத்துக்கு. இனி அஞ்ச வேண்டியது அதன் பலவீனத்துக்கு என்பதை நன் மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்.

ஊர் திரும்பியதும், பிரதிநிதிகள் சபையில் இதே எண்ணத்தோடு இருந்த லெஸ் ஆஸ்பின் என்பவரோடு சேர்ந்து, பாதுகாப்பு நிதியிலிருந்து 100 கோடி டாலர் ஒதுக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது எழவே இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் பென்சில்வேனியாவில் செனட் இடைத்தேர்தல். ஹாரிஸ் வாஃபர்ட் என்பவர் மருத்துவக் காப்பீடு, வேலை என்று உள்நாட்டுப் பிரச்சினைகளை முன்வைத்து, பலமான வேட்பாளரான முன்னாள் அட்டர்னி ஜெனரலைத் தோற்கடித்தார். அமெரிக்காவில் அப்போது பொருளாதார மந்தம். நம் ஊர்க்காரனுக்கு வேலை இல்லாதபோது ரஷ்யாக்காரனுக்குப் பணமா என்ற கேள்வி தலைநகரம் முழுக்கப் பரவியது. நன்னும் ஆஸ்பினும் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்த இடத்தில்தான் சட்டம் இயற்றுகிறவரின் கைத்திறனைப் பார்க்க வேண்டும். நன் கோபித்துக்கொண்டு அறிக்கை விடவில்லை. எதிர்க் கட்சிக்காரரான லூகரிடம் போனார். லூகர் இண்டியானாபொலிஸ் நகர மேயராக இருந்தவர். வெளியுறவில் ஆழ்ந்த பழக்கம் உள்ளவர். ஹார்வர்டில் ஆஷ்டன் கார்ட்டரும் அவர் தோழர்களும் சோவியத் ஆயுதங்கள் சிதறக்கூடிய ஆபத்தைப் பற்றி ஓர் ஆய்வை அப்போதுதான் முடித்திருந்தார்கள். இரு கட்சிச் செனட்டர்களையும் காலை உணவுக்கு அழைத்து அந்த ஆய்வை முன்வைத்தார்கள். உதவி என்ற பேச்சை விட்டு, ஆபத்தைக் குறைத்தல் என்ற பேச்சு வந்தது. தொகை கடைசியில் 40 கோடி டாலராகக் குறைந்தது. புதிய வரி இல்லை. ஏற்கெனவே ராணுவத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சில வாரங்களுக்கு முன் தொட்டாலே சுடும் என்றிருந்த விஷயம் நவம்பர் 25 அன்று செனட்டில் 86-க்கு 8 என்ற வாக்கில் நிறைவேறியது. டிசம்பர் 12 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார். டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகினார். சோவியத் கொடி கிரெம்ளினில் இறங்கியது. இரண்டு வாரம்கூட மிச்சமில்லாமல் வந்த சட்டம் அது.

பேரிடர்ச் சட்டங்கள் பெரும்பாலும் பிணங்களுக்குப் பிறகே வருகின்றன. நம் நாட்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்னால் 1999-இன் ஒடிசாப் புயலும் 2001-இன் குஜராத் நிலநடுக்கமும் 2004-இன் ஆழிப்பேரலையும் நடந்து முடிந்திருந்தன. இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. எல்லா நாட்டிலும் அப்படித்தான். துயரம் ஓர் அவையை ஒன்றுசேர்ப்பதைப் போல வேறெதுவும் சேர்ப்பதில்லை. அந்த ஒற்றுமை கிடைக்காத வேளையில், எதுவுமே நடக்காத ஒரு வேளையில், 86 பேரைச் சம்மதிக்க வைத்ததுதான் நன், லூகர் இருவரின் சாதனை.

அந்தப் பணம் எதை வாங்கியது? ஆயுதங்களை ஏற்றிச் செல்லும் ரயில் பெட்டிகளைப் பத்திரமானவையாக மாற்றிக் கொடுத்தது. வழியில் துப்பாக்கிக் குண்டு துளைக்காமல் இருக்க ஆயுதங்கள்மேல் போர்த்தும் கெவ்லார் போர்வைகளைக் கொடுத்தது. விபத்து நேர்ந்தால் சமாளிக்கும் கருவிகள், வேலிகள், கணக்குப் பதிவுக்குக் கணினிகள், நீர்மூழ்கிக் கப்பல்களை வெட்டும் எந்திரங்கள், ஏவுகணைக் குழிகளைத் தகர்க்கும் செலவு எல்லாம் அதிலிருந்தே. வேலை இழந்த ஆயுத விஞ்ஞானிகள் ஈரானுக்கோ வடகொரியாவுக்கோ போய்விடாமல், சொந்த ஊரிலேயே அமைதிப் பணிக்கான ஆராய்ச்சியில் சம்பளம் பெற மாஸ்கோவில் ஒரு பன்னாட்டு மையம் உருவானது. இந்தப் பட்டியலில் வீரம் எதுவும் இல்லை. தொலைக்காட்சியில் காட்ட ஒன்றும் இல்லை. கிடங்குக்காரரும் கணக்காளரும் செய்யும் வேலைகள். ஆயிரக்கணக்கான அணு ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்த வேலை இப்படித்தான் நடந்தது.

எளிதாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். முதல் ஓரிரு ஆண்டுகள் பணம் செலவாகவே இல்லை. தங்கள் பங்கிலிருந்து எடுக்கப்படுவதால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் அதிகாரிகளுக்கு ஆர்வமில்லை. ரஷ்ய அதிகாரிகளுக்கோ அமெரிக்கர்கள் தங்கள் ரகசியத் தளங்களில் நுழைவதில் விருப்பமில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் ஒவ்வோர் ஆண்டும் நிபந்தனைகளைச் சேர்த்தது. ரஷ்யா இன்னின்ன ஒழுங்கோடு நடந்துகொள்கிறது என்று அதிபர் சான்றளித்தால்தான் பணம் போகும். இதனால் மிகவும் பாதிக்கப்பட்டது ஷூச்சியே. உரால் மலைகளுக்குக் கிழக்கே உள்ள அந்தச் சிற்றூரின் அருகில் நரம்பு நச்சு நிரப்பிய பீரங்கிக் குண்டுகள் 19 லட்சத்துக்குமேல் பழைய கொட்டகைகளில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும். லூகர் அங்கே போய், அப்படி ஒரு குண்டைக் கைப்பெட்டியில் வைத்துப் படமெடுத்துக்கொண்டு வந்தார். நிதியை நிறுத்தி வைத்திருந்த தம் சக உறுப்பினர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினார். பல ஆண்டு வாதாட்டத்துக்குப் பின், 2009-இல்தான் அழிக்கும் ஆலை திறந்தது. ஒரு சட்டம் நிறைவேறிய பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க, 18 ஆண்டுகள் கழித்தும் ஓர் உறுப்பினர் விமானம் ஏறிப் போக வேண்டியிருந்தது.

கஜகஸ்தானில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. நாட்டின் கிழக்கே உஸ்த்-காமெனோகோர்ஸ்க் நகரில் உல்பா உலோக ஆலை. அங்கே ஏறத்தாழ 600 கிலோ உயர்செறிவு யுரேனியம் இருப்பதைப் புதிய அரசு அமெரிக்காவுக்குத் தெரிவித்தது. இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளுக்குப் போதுமானது அது, காவலோ சொற்பம். 1994 இலையுதிர்காலத்தில் ஒரு சிறிய அமெரிக்கக் குழு அங்கே போய் வாரக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு கொள்கலனாக எடைபோட்டு அடைத்தது. நவம்பரில் பெரிய சி-5 விமானங்கள் அதை ஏற்றிக்கொண்டு நிற்காமல் அமெரிக்காவுக்குப் பறந்தன. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் போய்ச் சேர்ந்த பிறகே உலகத்துக்குச் சொன்னார்கள். அதே நாட்டில், செமிபலாட்டின்ஸ்க் சோதனைக் களத்தின் தெகெலென் மலைச் சுரங்கங்களில் சோவியத் சோதனைகளின் புளூட்டோனிய மிச்சம் கிடந்தது. வறுமைப்பட்ட மக்கள் செம்புக் கம்பி தேடி அந்தச் சுரங்கங்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா, ரஷ்யா, கஜகஸ்தான் மூன்று நாடுகளின் ஆட்களும் சேர்ந்து அவற்றை மூடி முடிக்க 2012 ஆனது. மூன்று அரசுகளுக்குள் எத்தனையோ மனக்கசப்புகள் இருந்த ஆண்டுகள் அவை. அந்த வேலை மட்டும் நிற்கவில்லை.

உக்ரைனைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் ஏறத்தாழ 1,900 தொலைதூர அணு ஆயுதங்கள் இருந்தன. உலகின் மூன்றாவது பெரிய கையிருப்பு. 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக எழுதிக் கொடுத்தன. 1996 ஜூனுக்குள் கடைசி ஆயுதமும் ரஷ்யாவுக்குப் போனது. பெர்வொமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன் நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள் சூரியகாந்தி நட்டார்கள். 2014-இல் ரஷ்யா கிரிமியாவைப் பறித்தது. 2022-இல் முழுப் படையோடு நுழைந்தது. ஆயுதத்தைக் கொடுத்தது பிழையா என்று உக்ரைன் மக்கள் கேட்பதில் உள்ள வலி நியாயமானது. அதற்கு எதிரே நின்று ஆறுதல் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் 1991-இன் கண்களால் பார்த்தால், ஏவும் குறியீடுகள் மாஸ்கோவிடம் இருந்தன. ஆயுதங்களைப் பராமரிக்கும் செலவை, செர்னோபிலின் சுமையோடு நின்ற அந்த நாடு தாங்கியிருக்க முடியுமா என்பது ஐயமே. காவலற்ற 1,900 ஆயுதங்கள் உக்ரைன் குழந்தைகளுக்கே முதல் ஆபத்து. நன்னின் சட்டம் தன் வேலையைச் செய்தது. தங்கள் கையெழுத்தைக் காப்பாற்றும் கடமை புடாபெஸ்டில் எழுதிக் கொடுத்த மூன்று அரசுகளுடையது. ஒரு அரசு அதை மிதித்தது. மற்ற இரண்டும் அந்தத் தாளுக்கு உரிய பலத்தை முன்கூட்டியே கொடுத்துவைக்கவில்லை.

இதுவரை வெளிநாட்டில் போட்ட பூட்டுகள். இனி உள்ளூர் ஆயத்தம்.

1995 மார்ச் 20 காலை, டோக்கியோவின் சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தார் சாரின் என்ற நரம்பு நச்சு நிரப்பிய பைகளைக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பதினான்கு பேர் இறந்தார்கள். 5,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 600-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பெரும்பாலோர் தாங்களாகவே நடந்தும் டாக்சியிலும் வந்தவர்கள். அவர்கள் உடையில் ஒட்டியிருந்த நச்சு, சிகிச்சை கொடுத்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் தாக்கியது. என்ன நச்சு என்றே முதலில் தெரியவில்லை. முந்தைய ஆண்டு மத்சுமோத்தோ நகரில் இதே கூட்டத்தின் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஒரு மருத்துவர், தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு டோக்கியோவுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார், இது சாரினாக இருக்கலாம் என்று. அரசு அமைப்புகள் எல்லாம் இருந்தும், அந்தக் காலையில் அறிவு பயணப்பட்டது ஒரு தனி மருத்துவரின் அக்கறையால்.

நன் இதைக் கவனித்தார். 1994 தேர்தலில் அவருடைய கட்சி பெரும்பான்மையை இழந்ததால் குழுத் தலைமை கையை விட்டுப் போயிருந்தது. ஆனாலும் செனட்டின் நிரந்தர விசாரணைத் துணைக்குழுவில் எதிர்த்தரப்பின் மூத்த உறுப்பினர் என்ற உரிமையோடு, தம் பணியாளர்களை அந்தக் கூட்டத்தின் தடம் பிடித்து விசாரிக்க வைத்தார். ரஷ்யாவில் ஆயிரக்கணக்கான சீடர்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடுகள்மேல் நச்சைச் சோதித்துப் பார்த்த ஒரு பண்ணை, அமெரிக்காவில் கருவிகள் வாங்க ஒரு அலுவலகம் என்று எல்லாம் வெளிவந்தது. இத்தனை பெரிய கூட்டத்தை அமெரிக்க உளவு அமைப்புகள் தாக்குதலுக்கு முன் கவனிக்கவே இல்லை என்பதும் 1995 அக்டோபர் விசாரணையில் பதிவானது. அதே ஆண்டு ஏப்ரலில் ஓக்லஹோமா நகரில் உரமும் எரிபொருளும் கலந்த குண்டு 168 உயிர்களைக் கொன்றிருந்தது.

அடுத்த ஆண்டு நன், லூகர், நியூ மெக்சிகோவின் பீட் டோமெனிச்சி மூவரும் கொண்டுவந்த திருத்தம் பாதுகாப்புச் சட்டத்தோடு சேர்ந்து 1996 செப்டம்பரில் சட்டமானது. அதன் நடுநாயகமான எண்ணம் ஒன்றுதான்: நச்சுத் தாக்குதல் நடந்தால் முதல் சில மணி நேரம் மத்திய அரசு வந்துசேராது; அங்கே நிற்கப்போவது அந்த ஊரின் தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ்காரர், காவலர், அவசரப் பிரிவுச் செவிலி. ஆகவே ராணுவத்திடம் மட்டும் இருந்த அறிவை அவர்களிடம் கொண்டுபோக வேண்டும். நாட்டின் 120 பெரிய நகரங்களில் பயிற்சி என்று திட்டம். நோயாளியின் உடையை எங்கே களைய வைப்பது, தண்ணீர் பீய்ச்சி எப்படிக் கழுவுவது, முகமூடி இல்லாமல் எங்கே நுழையக் கூடாது, மாற்று மருந்து எங்கே இருக்கிறது என்பவையே பாடம். டோக்கியோவில் தெரியாமல் போனவை இவைதான்.

இந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. மக்கள்தொகையை மட்டும் வைத்து நகரங்களைத் தேர்ந்தார்கள். அடுத்தடுத்துள்ள ஊர்கள் தனித்தனியே பயிற்சி பெற்றன. உண்மையான ஆபத்து எங்கே அதிகம் என்ற மதிப்பீடு போதவில்லை. காங்கிரஸின் சொந்தத் தணிக்கை அமைப்பே இவற்றை எடுத்துக்காட்டியது. பின்னர் பொறுப்பு நீதித்துறை அமைச்சகத்துக்கு மாறியது. இருந்தாலும் உள்ளூர்க்காரனே முதல் காவலன் என்ற எண்ணம் அரசு ஏட்டில் பணத்தோடு ஏறியது இந்தச் சட்டத்தால்தான். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1997-இல் நன் செனட்டை விட்டார். 2001 ஜூனில் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் நடந்த ஒரு பயிற்சியில் அவர் அமெரிக்க அதிபராக அமர்ந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்றும் வேறு சில அமைப்புகளும் நடத்திய அந்தப் பயிற்சிக்கு ‘இருண்ட குளிர்காலம்’ என்று பெயர். பங்கேற்றவர்கள் எல்லாம் அரசுப் பொறுப்புகளில் இருந்து பழகியவர்கள். ஓக்லஹோமா ஆளுநர் ஃபிராங்க் கீட்டிங் தம் சொந்தப் பதவியிலேயே நடித்தார். கதை இது: ஓக்லஹோமா நகரில் சிலருக்குப் பெரியம்மை. உலகத்திலிருந்து ஒழிந்துபோன நோய். யாரோ பரப்பியிருக்கிறார்கள். நாட்டின் கையிருப்பில் 1.2 கோடி தடுப்பூசிகளே உள்ளன. யாருக்கு முதலில் போடுவது? பாதித்த மாநிலத்துக்கா, பக்கத்து மாநிலத்துக்கா, ராணுவத்துக்கா? மக்களை வீட்டில் அடைக்கலாமா? மாநில எல்லைகளை மூடும் அதிகாரம் யாருக்கு? பயிற்சிக் கதையில் பதின்மூன்று நாட்களுக்குள் நோய் 25 மாநிலங்களுக்குப் பரவியது. தடுப்பூசி தீர்ந்தது. ஆளுநர்கள் ஒருபக்கம் இழுக்க, மத்திய அரசு ஒருபக்கம் இழுத்தது. அதிபராக அமர்ந்த நன்னுக்கு, முடிவெடுக்க வேண்டிய தகவல் எதுவும் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை.

கால் நூற்றாண்டு பாதுகாப்புத் துறையை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர், நோய்த் தொற்று என்று வந்தபோது தம் கேள்விகளுக்கு விடை சொல்லும் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைப் படுக்கைகளும் பொது சுகாதார ஆய்வகங்களும் ஏவுகணைகளுக்கு இணையான நாட்டுப் பாதுகாப்பு என்பதை அடுத்த மாதமே பிரதிநிதிகள் சபைக் குழுமுன் சாட்சியமாகச் சொன்னார். செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அக்டோபரில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்கள் ஐந்து பேரைக் கொன்றன. அதன் பிறகே முழு மக்கள்தொகைக்கும் போதுமான பெரியம்மைத் தடுப்பூசிக்கு அரசு ஏற்பாடு செய்தது. 2002 ஜூனில் பொது சுகாதார ஆயத்தத்துக்கான தனிச் சட்டம் வந்தது. கொரோனா நாட்களில், யாருக்கு முதல் ஊசி, எல்லையை மூடுவது யார், முகக்கவசம் எங்கே என்று உலகமெங்கும் அரசுகள் தடுமாறியதைப் பார்த்தபோது, இந்தக் கேள்விகள் 2001-இலேயே ஒரு அறைக்குள் கேட்கப்பட்டவை என்ற நினைவு என்னைத் துன்புறுத்தியது.

அதே 2001-இன் தொடக்கத்தில் தொலைக்காட்சித் தொழிலதிபர் டெட் டர்னரோடு சேர்ந்து நன் அணு ஆபத்து முன்முயற்சி என்ற தனியார் அமைப்பைத் தொடங்கினார். சட்டம் எங்கே நின்றுவிடுகிறது என்று அறிந்தவர் செய்யக்கூடிய வேலை அது. செர்பியாவின் பெல்கிரேடு அருகே வின்ச்சா ஆய்வு நிலையத்தில் 48 கிலோ உயர்செறிவு யுரேனியம் பலவீனமான காவலில் இருந்தது. அதை ரஷ்யாவுக்கு எடுத்துச் செல்ல அமெரிக்க அரசு பணம் தரலாம். ஆனால் அங்கே குவிந்திருந்த பயன்படுத்திய எரிபொருளைச் சுத்தம் செய்யப் பணம் கொடுக்க அரசுக்குச் சட்டத்தில் வழியில்லை. அதைச் செய்தால்தான் யுரேனியத்தைக் கொடுப்போம் என்றது செர்பியா. அந்த இடைவெளியை இந்த அமைப்பின் 50 லட்சம் டாலர் நிரப்பியது. 2002 ஆகஸ்டில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் காவலோடு, யுரேனியம் விமானம் ஏறியது.

லூகர் செனட்டில் தங்கி, நன் விட்ட இடத்திலிருந்து சட்டத்தைச் சுமந்தார். 2005-இல் பராக் ஒபாமா என்ற புதிய உறுப்பினரை ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் கூட்டிப்போய்க் கிடங்குகளைக் காட்டினார். 2012-இல், 36 ஆண்டுகள் செனட்டில் இருந்த பிறகு, சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். எதிர்க் கட்சியோடு கைகோத்தவர் என்பது அவர்மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே ஆண்டு ரஷ்யா இந்தத் திட்டத்துக்கான பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2019 ஏப்ரலில் லூகர் காலமானார். இந்தத் திட்டத்தின் பணத்தில் ஜார்ஜியா நாட்டின் தலைநகர் டிபிலிசியில் கட்டி 2011-இல் திறந்த பொது சுகாதார ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2020-இல் அந்தச் சிறிய நாட்டின் கொரோனாப் பரிசோதனைகளுக்கு முதுகெலும்பாக நின்றது அந்த ஆய்வகம்.

நன்னின் கடைசிப் பெருமுயற்சிகளில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அணு மின்சாரம் தயாரிக்க விரும்பும் நாடுகள் எரிபொருளுக்காகச் சொந்தச் செறிவூட்டு ஆலை கட்டினால், அதே ஆலையில் குண்டுக்கான யுரேனியமும் செய்ய முடியும். அந்தத் தேவையே எழாமல் இருக்க, பன்னாட்டு அணுசக்தி முகமையின் கையில் குறைசெறிவு யுரேனியத்துக்கு ஒரு வங்கி வேண்டும் என்று அவருடைய அமைப்பு 2006-இல் முன்மொழிந்தது. முதலீட்டாளர் வாரன் பஃபெட் 5 கோடி டாலர் உறுதியளித்தார். மற்ற அரசுகள் மேலும் பணம் சேர்த்தன. இடம் தருவதாக முன்வந்தது கஜகஸ்தான். 2017 ஆகஸ்டில் கிடங்கு திறந்தது. 2019 அக்டோபரில் பிரான்சிலிருந்தும் டிசம்பரில் கஜகஸ்தானிலிருந்தும் எரிபொருள் வந்துசேர, இருப்பு 90 டன் ஆனது. ஒரு பெருநகரத்துக்கு மூன்று ஆண்டுகள் மின்சாரம் தரப் போதுமான அளவு. அந்தக் கிடங்கு நிற்பது உல்பா உலோக ஆலையின் வளாகத்துக்குள்.